விளக்கு வைக்கிற நேரத்துத் தூக்கம்

அடுத்தவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எல்லம்மாளின் வேலை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

"இதுக்குமா சம்பளம் குடுக்கறாங்க?" என்று தண்ணி லாரியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கேட்டாள்.

"நீ ஒரு நாளு வந்து குந்திப் பாரு. முழிச்சிகினு தூங்கறவன் மூஞ்சியையே பாக்கறது இன்னா வேலைன்னு அப்பத் தெரியும்" என்றாள் எல்லம்மாள். குடம் நிரம்பிவிட்டது. அதற்கு மேல் விளக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

படூரில் ஒரு தனியார் கல்லூரியின் பின்கட்டடம். மூன்றாவது மாடியில் இரண்டு கட்டில் போட்ட இருட்டறை, அதை ஒட்டி கம்ப்யூட்டர்கள் உள்ள சின்ன அறை. மீனவர்களின் தூக்கத்தை ஆராய்கிற இடம் அது. விடியலுக்கு முன்பே கடலுக்குப் போய், பகலில் வந்து படுக்கிறவர்களுக்குத் தூக்கம் ஆழமாவதில்லை. மண்டைக்கு வெளியே ஒரு கருவியை வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியை மூளைக்குள் அனுப்பினால் ஆழமாகுமா என்று பார்க்கிறார்கள். தூக்கம் இறங்கும்போது மூளையில் பெரிய பெரிய அலைகள் மெதுவாக எழும்பும். அந்த அலைக்குத் தோதாக ஒலி போய்த் தட்ட வேண்டும். எல்லம்மாளுக்குப் புரிந்தவரையில் அது ஊஞ்சலை ஆட்டிவிடுகிற மாதிரி. நேரம் பார்த்துத் தள்ளினால் உயரப் போகும். தவறான நேரத்தில் தள்ளினால் உள்ளதும் நின்றுபோகும்.

கட்டடம் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவளுடைய அம்மா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறாள். பத்து வயதில் எல்லம்மாளும் அங்கே களை பறித்திருக்கிறாள். அதை நினைத்து அவள் உருகியதில்லை. சேற்றுப் புண்ணுக்கு ஏசி எவ்வளவோ மேல். அப்புறம் அடுக்குமாடிகளில் வீட்டு வேலை. அப்புறம் கேளம்பாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஆறு வருஷம், கர்ப்பிணிகளின் வயிற்றில் ஜெல் துடைக்கிற ஆயா. அந்த ஆறு வருஷம்தான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. "ஜெல்லு கை பழகினவங்களா இருந்தா நல்லது" என்று ஆராய்ச்சியை நடத்துகிற பிரதீபா மேடம் தேடியிருந்தார். பன்னிரண்டு ஆண்களின் தலையில் ஜெல் தடவுவது, ஒயர் கோத்த குல்லாயை மாட்டுவது, எழுந்ததும் வெந்நீரில் தலையைக் கழுவிவிடுவது, தலையணை உறை மாற்றுவது, நடுவில் யாராவது பயந்து எழுந்தால் பக்கத்தில் நிற்பது. ஐம்பத்தொரு வயதில் இது பெரிய வேலை இல்லைதான். ஆனாலும் வேலை முடிந்து கிளம்பும்போது முழங்கால் இரண்டும் அவளுடையவை இல்லை என்பது போல இருக்கும்.

திருவிடந்தைக் குப்பத்து மாயவன்தான் அங்கே முதலில் வந்து படுத்தவன். நாற்பத்து நாலு வயது. பின்னிரவு ரெண்டு மணிக்குப் படகு தள்ளி எட்டு மணிக்குக் கரையேறி, வலை பிரித்து, மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, சோறு தின்றதும் பஸ் பிடித்து வருவான். சனிக்கிழமை அவன் முறை. மதியம் ரெண்டரைக்குப் படுத்தால் ஏழு மணிக்கு விளக்குப் போட்டு எழுப்புவார்கள். அதுதான் கணக்கு.

"யக்கா, வயித்துக்கு வெக்கிற ஸ்கேனைத் தூக்கித் தலைக்கு வெச்சிட்டாங்களே. உள்ள எதுனா வளருதான்னு பாத்து சொல்லு" என்றான் முதல் நாள்.

"உள்ள இன்னா இருந்தாதான வளர்றதுக்கு? ஆடாம படு."

"இல்லக்கா, நெசமா கேக்கறேன். போட்ல மீன் பாக்கற மெஷினும் இப்டித்தான. சத்தத்தை வுட்டா, அது போய் அடிச்சிட்டுத் திரும்பும். நம்ம மண்டைல இன்னா மீனு கீதுன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

"கெளுத்திதான் இருக்கும். வாய மூடு. ஒயரு அசையுது."

கம்ப்யூட்டர் அறையில் இருந்த ஜோயல் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சிரித்தான். இருபத்தாறு வயது டெக்னீஷியன். திரையில் கோடுகள் ஓடுவதைப் பார்ப்பது அவன் பொறுப்பு.

முதல் இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பன்னிரண்டு பேரும் ஏழு மணி வரை தூங்கினார்கள். அலைகள் கொஞ்சம் பெரிதாகத் தெரிகின்றன என்று பிரதீபா மேடம் சொன்னார். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பாராட்டுகிற வழக்கம் அவருக்கு இல்லை. முப்பத்தைந்து வயதுக்குள் ஏகப்பட்ட ஆராய்ச்சிகள் பொய்த்துப் போனதைப் பார்த்தவர் போலத்தான் எப்போதும் முகம் இருக்கும்.

அந்த இரண்டு வாரமும் ஆறு மணி ஆனால் எல்லம்மாள் பாத்ரூமுக்குப் போய்விடுவாள். குழாயைத் திறந்துவிட்டு, சுத்தமான வாளியையே திரும்பக் கழுவுவாள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருத்தர் படுத்துக் கிடப்பதை அவளால் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் யாரும் தூங்கக் கூடாது என்பது ஊருக்கே தெரிந்ததுதான். வீட்டுக்கு லட்சுமி வருகிற நேரம் என்பார்கள். எல்லம்மாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். அவள் வீட்டுச் சுவரில் லட்சுமி இல்லை, இயேசுவின் படம்தான் இருந்தது. ஆனால் சாமி மாறினாலும் சாயங்காலம் மாறவில்லை. ஆறு மணிக்கு வாசலில் தண்ணீர் தெளித்து, படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, படுத்திருக்கிறவர்களை எழுப்பி உட்கார வைத்துவிடுவாள். ஒரே ஒரு நாள்தான் அதைச் செய்யவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு மாசி மாதம். அவள் புருஷன் தாவீது ஓஎம்ஆரில் ஒரு குடியிருப்பில் செக்யூரிட்டி. மாற்று ஆள் வராததால் இரண்டு டூட்டி சேர்த்துப் பார்த்துவிட்டு மதியம் வந்தான். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் படுத்தான். ஆறு மணிக்கு அவள் மெழுகுவர்த்தியோடு அவன் கால்மாட்டில் போய் நின்றாள். கால் கட்டைவிரலைத் தொட்டு எழுப்புவதுதான் அவள் பழக்கம். குனிந்தவள், "போனாப் போவுது, ஒரு நாளு தூங்கட்டும்" என்று நிமிர்ந்துகொண்டாள். எட்டு மணிக்கு மகன் ஸ்டான்லி வந்து அப்பாவை உலுக்கினான். உடம்பு விறைத்திருந்தது. நாலு மணிக்கே போயிருக்கும், மாரடைப்பு, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். எல்லம்மாள் தலையாட்டினாள். நாலு மணிக்கே போயிருந்தால் ஆறு மணிக்குத் தொட்டு என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரியும். ஆனால் தெரிந்தது எல்லாம் விரல் நுனி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. அன்றையிலிருந்து அவளுக்கும் தூக்கம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை.

மூன்றாவது வாரத்தில் ஜோயல் எழுந்து நின்று சோம்பல் முறித்தான். "யக்கா, எல்லாம் தன்னால ஓடுது. நான் கீழ போயி ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன். பாத்துக்கினு இரு" என்றான். மணி ஐந்தே முக்கால். போனால் ஆறே காலுக்குத்தான் வருவான் என்பது பிறகு வழக்கமாகிவிட்டது.

அன்றைக்குக் கண்ணாடியை ஒட்டிய கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவன் மாயவன். வாய் கொஞ்சம் திறந்து, தாடை தொங்கி, ஒரு கை கட்டிலுக்கு வெளியே கிடந்தது. எல்லம்மாள் பாத்ரூமுக்குப் போக முடியாது. பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு அடித்தது. திரையில் கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோட்டை அவள் நம்பவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், போர்வைக்கு வெளியே தெரிந்த கட்டைவிரலைத் தொட்டாள். மாயவன் கண் திறந்தான். அவளைப் பார்த்தான். "வெளக்கு வெச்சாச்சா?" என்று முனகினான். "ம்" என்றாள். அவன் எழுந்து உட்கார்ந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பப் படுத்துக்கொண்டான். அப்புறம் தூங்கவில்லை, ஆனாலும் அசையாமல் கிடந்தான்.

அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. மறுவேலை நாள் வேறு இருவர். அவர்களையும் தொட்டாள். அதற்கடுத்த நாளும்.

விழித்ததும் ஒவ்வொருவரிடமும் ஜோயல் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பான். எப்படித் தூங்கினீர்கள், கனவு வந்ததா, தூக்கத்துக்கு இடைஞ்சல் ஏதாவது இருந்ததா? பன்னிரண்டு பேரும் வாரா வாரம் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். இடைஞ்சல் ஒன்றும் இல்லை.

கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா இருந்தது. அது தலையை மட்டும் பார்த்தது. தலையைத் தவிர மனிதனிடம் ஆராய வேறொன்றும் இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம் முடிந்தபோது பிரதீபா மேடத்தின் முகம் மேலும் சுண்டிவிட்டது. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு பேருக்கும் ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஜோயல் அதற்கு ஆறு மணிச் சுவர் என்று பேர் வைத்தான். சுவரை இடிக்க என்னென்னவோ செய்தார்கள். ஏசி அந்த நேரத்தில் நின்று ஓடுகிறதா என்று ஆள் வரவழைத்துப் பார்த்தார்கள். பள்ளிவாசல் பாங்கு கேட்கிறதோ என்று ஜன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி போட்டார்கள். கல்லூரி பஸ் கிளம்புகிற சத்தமாக இருக்கும் என்று டிரைவரிடம் போய்க் கெஞ்சி, வண்டியை முன்பக்கம் நிறுத்த வைத்தார்கள். கடற்காற்று திரும்புகிற நேரத்துக்கும் மீனவன் உடம்புக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கலாம் என்று மேடம் ஒரு நாள் பூராவும் படித்தார். காரணம் தேடுகிறவர்கள் முதலில் தூரத்தில்தான் தேடுகிறார்கள். பக்கத்தில் நிற்பது பழகிப்போய்விடுகிறது. பழகியது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு நாள் மேடம் எல்லம்மாளிடமே கேட்டார். "சாயங்காலம் ஆறு மணி வாக்குல யாராவது உள்ள போனாங்களாக்கா?"

எல்லம்மாள் தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தாள். "இல்லீங்க மேடம்" என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு உறையைப் பிரித்து இன்னொரு முறை மடித்தாள்.

ஏழாவது வாரத்தில் வியாழக்கிழமை. டீ போட வந்தவள் காதில் பக்கத்து அறைப் பேச்சு விழுந்தது.

"மூளைக்கு இது பழகிடுச்சின்னுதான் தோணுது ஜோயல். முதல் ரெண்டு வாரம் வேலை செஞ்சது, அப்புறம் கேக்கல. ஒலியோட பலத்தைக் கூட்டிப் பாக்க வேண்டியதுதான். அனுமதிச்ச அளவுக்குள்ளதான கூட்டப்போறோம்."

"சனிக்கிழமைலேர்ந்து பண்ணிடலாமா மேடம்? மாயவன் வருவாரு."

"அவர்கிட்டேயே ஆரம்பிங்க. அவருக்குத்தான் சரியா ஆறுக்கு முறியுது."

பால் பொங்கி வழிந்தது. எல்லம்மாள் அடுப்பை அணைக்கவில்லை. அனுமதித்த அளவு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. ஸ்கேன் சென்டரில் ஒரு டாக்டரம்மா, தேவைக்கு மேல் ஒரு நிமிஷம்கூட வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அது மட்டும்தான் தெரியும். தன் விரல் செய்த காரியத்துக்கு மாயவன் தலையில் கூடுதலாக ஒன்று இறங்கப்போகிறது.

வெள்ளிக்கிழமை காலை சோறு கட்டும்போது ஸ்டான்லியிடம் சொன்னாள். அவன் கூரியர் கம்பெனியில் பார்சல் போடுகிறவன். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"நீ சும்மா இரும்மா. போயி சொன்னா மொத வேலையா உன்னை அனுப்பிடுவாங்க. இனிமே தொடாத, அவ்ளோதான். தன்னால சரியாப் போயிடும்."

"நாளைக்கே ஏத்தறாங்கடா."

"நீ தொட்டது ஒரு வெரலு. அதுக்குப் போயி..."

"அந்த ஒரு வெரலாலதான்டா ஏத்தறாங்க. அவனுக்கு எதுனா ஆச்சின்னா?"

ஸ்டான்லி கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான். "அப்பாவ நெனச்சித்தான தொட்ட?"

அவள் டப்பாவின் மூடியை அழுத்தினாள். "கொழம்பு கீழ ஊத்திடப்போவுது. நேரா மாட்டு" என்றாள்.

மேடத்தை லிப்ட் வாசலிலேயே பிடித்தாள். மூன்று மாடி ஏறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். முதல் மாடியிலேயே சொல்லி முடித்துவிட்டாள். மீதி இரண்டு மாடியும் இருவரும் கதவைப் பார்த்தபடி ஏறினார்கள்.

அறைக்குள் போனதும் மேடம் உட்காரச் சொல்லவில்லை. தானும் உட்காரவில்லை.

"எத்தனை பேரை?"

"எல்லாரையும்ங்க."

"எத்தனை வாரம்?"

"அஞ்சி."

"நான் கேட்டப்ப இல்லைன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேங்க மேடம்."

மேடம் மாயவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கடல் இரைச்சலும் யாரோ ஏலம் கூவுகிற சத்தமும் கேட்டன.

"மாயவன், நீங்க இங்க தூங்கும்போது சாயங்காலம் யாராவது உங்களை எழுப்பினாங்களா?"

"ஆமா மேடம். யக்கா எழுப்பும். வாரா வாரம்."

"இடைஞ்சல் இருந்ததான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டோமே. ஏன் சொல்லலை?"

"அதுல இன்னா மேடம் எடைஞ்சலு? வெளக்கு வெக்கிற நேரத்துல எழுப்புனா நல்லதுதான? எங்க வூட்லயும் அப்டித்தான் எழுப்புவாங்க. எழுப்பலன்னாதான் சண்ட."

மேடம் போனை வைத்தார். சுவரில் ஒட்டியிருந்த பன்னிரண்டு பேர் அட்டவணையை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று எல்லம்மாள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை.

"கால் பக்கம் ஒரு கேமரா வெக்கணும்னு எனக்குத் தோணல" என்றார் மேடம் கடைசியில். "பன்னெண்டு பேர், அஞ்சு வாரம். எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். மேலிடத்துக்கு எழுதணும். எப்படி எழுதறதுன்னு தெரியல."

பிறகு கேட்டார். "ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க?"

எல்லம்மாள் தாவீதைப் பற்றிச் சொன்னாள். நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. ஐந்து வருஷமாகச் சுமக்கிறது சொல்லும்போது இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. மேடம் கேட்டுக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். "உங்க வேலை விஷயம் என் கையில மட்டும் இல்ல. பதில் வர்ற வரைக்கும் வாங்க. ஆனா நாளைக்கு ஆறு மணிக்கு நீங்க ஜோயல் பக்கத்துல உக்காந்திருக்கணும். எந்திரிக்கக் கூடாது. பலத்தைக் கூட்டப்போறதில்ல. பழைய அளவுதான்."

சனிக்கிழமை மாயவன் வந்தான். தலையில் ஜெல் தடவும்போது குரலைத் தாழ்த்தி, "இன்னாக்கா, போன்ல சொல்லி உன்னை மாட்டி வுட்டுட்டேனா?" என்றான்.

"நானேதான் போய் மாட்டினேன். ஆடாத."

"இன்னிக்கு எழுப்புவ இல்ல?"

"கூடாதாம். ஏழு வரைக்கும் படு."

"வெளங்கிடும்" என்று முனகிக்கொண்டே கண்ணை மூடினான்.

ஐந்தே முக்காலுக்கு ஜோயல் டீக்குப் போகவில்லை. ஆறு மணிக்குச் சற்று முன்னால் எல்லம்மாள் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் மாயவனின் வாய் திறந்திருந்தது. கை வெளியே தொங்கியது.

"அங்க பாக்காதீங்க" என்றான் ஜோயல். "இங்க பாருங்க. இந்தப் பெரிய அலை தெரியுதா? இது வர்ற வரைக்கும் ஆளு நல்லா இருக்காருன்னு அர்த்தம். செத்தவனுக்கு இது வராது."

தாவீதைப் பற்றி மேடத்திடம் கேட்டிருந்தவனுக்கு, சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லம்மாளுக்குக் கோபம் வரவில்லை. ஐந்து வருஷத்தில் அந்த விஷயத்தை அவளிடம் யாரும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

திரையைப் பார்த்தாள். கோடு மெதுவாக ஏறியது, இறங்கியது. அடுத்தது வருமா என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் அலை வந்தது. ஆறு ஆயிற்று. ஆறு ஐந்து. விரல்கள் தொடைக்குக் கீழே மரத்துப் போயின. தாவீதின் தலையில் இப்படி ஒரு குல்லாய் இருந்திருந்தால் நாலு மணிக்கு ஒரு அலை வந்து, அடுத்தது வராமல் நின்றிருக்கும். அதை ஆறு மணிக்கு வந்து நிற்கிற எந்த விரலும் திரும்பக் கூப்பிட்டிருக்க முடியாது. இதைத்தானே டாக்டர் அன்றைக்கே சொன்னார். சொன்னது இப்போதுதான் விரலுக்கு வந்து சேர்கிறதோ என்று நினைத்தாள். சேர்ந்ததா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஏழு மணிக்கு விளக்குப் போட்டார்கள். மாயவன் எழுந்து உட்கார்ந்து முழித்தான். கண் சிவந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மணி இன்னாக்கா?"

"ஏழு."

"ஐயய்ய. வூட்ல வெளக்கு வெச்சி அணைச்சே இருப்பாங்க. தல கல்லு மாதிரி கனக்குது."

அவள் வெந்நீர் வாளியைக் கொண்டு வந்து அவன் தலையைக் குனிய வைத்தாள். ஜெல்லை விரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். அவளுக்கும் கண் எரிந்தது. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

ஜோயல் படிவத்தோடு வந்தான். திரையில் பார்த்ததில் அவன் குரலில் கொஞ்சம் உற்சாகம் இருந்தது. "நாலரை மணி நேரம், ஒரு தடவைகூட முழிக்கல மாயவண்ணே. சொல்லுங்க, இன்னிக்குத் தூக்கத்துக்கு இடைஞ்சல் ஏதாவது இருந்ததா?"

மாயவன் துண்டால் காதைத் துடைத்தான். யோசித்தான்.

"இருந்துச்சி" என்றான்.

ஜோயலின் பேனா நின்றது. "என்ன இடைஞ்சல்?"

"யாரும் எழுப்பல."

எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் ஜோயல் எல்லம்மாளைப் பார்த்தான். "சொன்னதை அப்டியே எழுது" என்று சொல்லிவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு நடந்தாள்.